கூட்டிப் பெருக்கிய காடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

காட்டுக்குள் போன முதல் நாளே என் மானம் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். சரணாலயத்து கேட்டிலிருந்து நம்மோடு வந்த வாட்சரிடம் வழி நெடுக அளந்துகொண்டு வந்தேன். இருபத்தாறு வருஷம் மர மில்லில் வேலை பார்த்தவன் நான், மரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்று. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்து ஒரு மரத்தடியில் நின்றார். ‘அப்ப இது என்ன மரம், சார்?’ நிமிர்ந்து பார்த்தேன். முதலை முதுகு மாதிரி வெடித்த பட்டை, எங்கேயோ உயரத்தில் இலை. ஒரு சுற்று வந்தேன், தட்டிப் பார்த்தேன், கடைசியில் ‘இது ஏதோ காட்டு மரம்’ என்றேன். அது மத்தி, தமிழில் கருமருது. வாரத்துக்கு ஒரு லோடு நான் அறுத்துத் தள்ளிய மரம். ‘சாருக்கு மில்லுல டீ வாங்கியாற வேலையா?’ என்று அவர் கேட்டபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நோட்டில் என்னவோ எழுதினாய். உன் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். என்ன செய்வது, எங்கள் மில்லுக்கு மரம் பட்டை உரித்துத்தான் வரும். படுத்துக் கிடக்கிற மரம்தான் எனக்குப் பழக்கம். எழுந்து நின்றால் யார் என்றே தெரியவில்லை.

அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே எழுத ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதற்கப்புறம் சிரிக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்து, உன் தீசிஸின் கடைசி அத்தியாயத்தை எனக்கும் உன் அம்மாவுக்கும் புரிகிற தமிழில் சொன்னாய். சரணாலயத்தில் கவர்மெண்ட் காக்கிற காட்டையும், ஊர்க்காரர்களே கமிட்டி வைத்துக் காக்கிற காட்டையும் அளந்து பார்த்ததில், பெரிய மரங்களின் வகையில் ஊர்க்காடு ஒன்றும் சளைத்ததில்லை. ஆனால் இளங்கன்றுகளில் வகையே இல்லை. ஊர்க்காரர்கள் தங்களுக்கு வேண்டிய நாலைந்து ஜாதியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் முளையிலேயே வெட்டிவிடுகிறார்கள், இப்போது நிற்கிற பெரிய மரங்கள் விழுந்த பிறகு அந்தக் காட்டில் அந்த நாலைந்துதான் மிஞ்சும். இதுதான் நீ சொன்னது. உன் அம்மா, ‘ஐயோ பாவம்’ என்றாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

பாப்பா, அது தப்பு. கன்றுகள் வெட்டுப்பட்டது நிஜம். வெட்டியது ஊர்க்காரர்கள் என்பதும் நிஜம். ஆனால் அது அவர்கள் வழக்கம் இல்லை. ஒரே ஒரு தடவை வெட்டினார்கள், ஓர் ஆள் சொன்னதால் வெட்டினார்கள், அந்த ஆள் நான். அடுத்த மாதம் நீ தீசிஸை பைண்ட் செய்து கொடுத்துவிட்டு விமானம் ஏறப் போகிறாய். அந்தப் பக்கத்து ரேஞ்சர் உன் முடிவு தெரியட்டும் என்று காத்திருக்கிறார். அந்த அத்தியாயம் அப்படியே அவர் கைக்குப் போனால் கமிட்டியைக் கலைத்துவிட்டு, அந்த ஊர்க்காட்டுச் சரிவு முழுக்க அகேசியா மரமாக நட்டுவிடுவார்கள். இத்தனை வகை மரம் இருந்த இடத்தில் ஒரே மரம் நிற்கும். அதற்குக் காரணமாக உன் பெயர் இருக்கும், என் பெயர் எங்கேயும் இருக்காது. அதனால்தான் இதை ரகசியக் கடிதமாக எழுதவில்லை. உன் கைடிடம் காட்டு. எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. எதிர் வீட்டு டீச்சர் ஒரு நகலைக் கன்னடத்தில் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். அது ஊர்க்காட்டுக் கமிட்டி மாதய்யாவுக்குப் போகும். தெருவில் நாலு பேருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று துணிந்துவிட்டேன். இந்தத் துணிச்சல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் எரிச்சல். உன் மேல் பாதி, என் மேல் பாதி என்று எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத உன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது, அது இன்னும் எரிச்சல்.

அப்பன் எழுதுகிற கடிதம் என்றால் புத்திமதி இருக்க வேண்டும். பத்தாவதைத் தாண்டாத நான் டாக்டர் பட்டம் வாங்கப் போகிற பெண்ணுக்கு என்ன புத்தி சொல்ல? என் புத்தி போன கதைகளைச் சொல்கிறேன், நீயே எடுத்துக்கொள். நீ பி.எஸ்ஸி. பாட்டனி சேர்ந்த வருஷம் பெங்களூரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று அலைந்துகொண்டிருந்தது. நம் ஜோகுபாளையத்துத் தெரு ஒன்றிலேயே மூன்று இடத்தில் போர்டு தொங்கியது. நான் உனக்குத் தெரியாமல் ஒரு அப்ளிகேஷன் வாங்கி, உன் கையெழுத்தையும் நானே போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். நீ அழைப்புக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாய். அதோடு நான் விட்டிருக்கலாம். ஆஸ்டின் டவுனில் உன் சித்தப்பா வீட்டு விசேஷத்தில், பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொண்டு நின்றேன். பாட்டனி என்றால் அடுத்த கேள்வி வரும், கம்ப்யூட்டர் என்றால் வராது. நீ பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது ஆட்டோவில், அல்சூர் ஏரி தாண்டியதும் நீ சொன்னாய்: ‘யார் முன்னாடியும் நீ சின்ன ஆளாத் தெரியக் கூடாது. அதான்பா உன் வியாதி.’ உன் அம்மா சிரித்தாள். நான் ஆட்டோக்காரனிடம் வழியில் சண்டை போட்டேன். நீ சொன்ன வியாதி குணமாகவில்லை என்பதைத்தான் மேற்கொண்டு எழுதப் போகிறேன்.

மர மில்களுக்குக் கெடுபிடி வந்து எங்கள் மில்லும் மூடிய பிறகு நான் வீட்டில் இருந்தேன். நீ காட்டில் மரம் எண்ணப் போகிறேன் என்று சொன்னபோது உன் அம்மா ஒண்டியாக அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, ‘நீங்க கூடப் போங்களேன். இங்க உக்காந்து சுவத்துல எத்தனை விரிசல்னுதானே எண்ணிக்கிட்டிருக்கீங்க, அங்க போய் மரத்தை எண்ணுங்க’ என்றாள். அப்படித்தான் நான் உன்னிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மெஜஸ்டிக்கில் பஸ் ஏறும்போது கயிற்றுச் சுருளும், நம்பர் அடித்த தகடு மூட்டையும், உன் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியும் என் தலையில். நோட்டும் பென்சிலும் உன் கையில். யார் முதலாளி என்பதில் சந்தேகமே இல்லை.

சரணாலயத்தில் நாம் பட்ட பாட்டை நீ தீசிஸில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். பர்மிஷன் கடிதம் இருந்தும் மூன்று நாள் கேட்டில் உட்கார வைத்தார்கள். சீல் இருந்தால் தேதி இல்லை, தேதி போட்டால் போட்டவர் லீவு. மரத்தை வெட்டிக் கொண்டுபோகிறவனுக்கு இத்தனை கேள்வி இருந்ததாக எனக்கு மில் அனுபவத்தில் ஞாபகம் இல்லை. எண்ணிவிட்டு வருகிறேன் என்கிறவளுக்கு அத்தனை கேள்வி. உள்ளே போனால் உண்ணிச்செடி. ஆள் உயரத்துக்கு முள்ளும் பூவுமாக நிற்கிற அந்தச் செடிக்குள் நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போவாய், நான் பின்னால் வேட்டியைக் கிழித்துக்கொண்டு வருவேன். நாலு மூலைக்கும் கல் நட்டு, கல்லுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து, சுற்றிக் கயிறு கட்டினால் ஒரு சதுரம். அதற்குள் இருக்கிற பெரிய மரம் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு உயரத்தில் டேப் சுற்றி நான் அளவு சொல்ல வேண்டும், நீ பெயரோடு எழுதிக்கொள்வாய். அது முடிந்தால் கன்றுகள். கன்றை எண்ணுவது தனி வேலை என்றாய். இன்றைக்கு நிற்கிற பெரிய மரம் போன தலைமுறையின் கதை, நாளைக்கு என்ன நிற்கும் என்பதைக் கன்றுதான் சொல்லும். முழங்கால் போட்டு, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு முளைக்கும் நீ பெயர் சொன்னாய். அதை நன்றாகக் கேட்டுக்கொண்டேன். கேட்டும் மண்டையில் ஏறவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் ஊர்க்காடு. மைசூர் தாண்டி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய ஊர். கமிட்டித் தலைவர் மாதய்யா, என் வயசு ஆள், சலவைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஊர் எல்லைக்கே வந்து நின்றார். வந்தவர் நேராக என் முன்னால் வந்து கும்பிட்டு, ‘பன்னி சார்’ என்று கன்னடத்தில் வரவேற்று, கையிலிருந்த மாலையை எனக்குப் போட்டார். உன் கையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, சாருக்கு எழுதிக் கொடுக்க வந்த பெண் என்று நினைத்திருக்கிறார்கள். நீ சிரித்துக்கொண்டே, ‘நீயே சாரா இருந்துக்கோப்பா, எனக்கு வேலை ஆனாப் போதும்’ என்றாய். ஒரே ஒரு தடவை, ‘சார் இவங்கதான், நான் டேப் பிடிக்கிறவன்’ என்று நான் சொல்லியிருக்கலாம். கன்னடத்தில் அது நாலு வார்த்தை. சொல்லவில்லை. இரண்டாம் நாள் அவர்களுக்கு நீதான் படித்தவள் என்று தெரிந்துவிட்டது. உன்னை மேடம் என்றார்கள். ஆனால் என்னை சார் என்பதை நிறுத்தவில்லை. மேடத்துக்கே அப்பா என்றால் எவ்வளவு பெரிய ஆபீசராக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்த நாலு நாள் நீ இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. ஊர்க்காரர்கள் கையில் இருந்தால் காடு மொட்டையாகத்தான் இருக்கும் என்று உன் கைடு சொல்லி அனுப்பியிருந்தாராம். அங்கே ஒவ்வொரு சதுரத்திலும் நீ புதுப் பெயர் எழுதிக்கொண்டே போனாய். மாதய்யா கூடவே வந்து காரணம் சொன்னார். ஏருக்கு ஒரு மரம் வேண்டும், நுகத்தடிக்கு வேறு மரம் வேண்டும். சாப்பாட்டு இலை தைக்க முத்துக மரம், துணி துவைக்கப் பூந்திக்கொட்டை, தேனீ கூடு கட்ட ஒன்று, மாட்டுக்கு வயிறு உப்பினால் பட்டை எடுக்க ஒன்று, சாமிக்கு என்று தொடாமல் விட்டது ஒன்று. ஒரு பெண் வந்து, இந்த மரம் எதற்கும் ஆகாது, ஆனால் இதன் நிழலில்தான் நாங்கள் உட்காருவோம் என்றாள். நீ அதையும் எழுதிக்கொண்டாய். வேண்டியது பலவிதமாக இருப்பதால் மரமும் பலவிதமாக இருக்கிறது என்று அன்று சாயங்காலம் எனக்கு விளக்கினாய். எனக்கு அன்றைக்குப் புரிந்தது அது ஒன்றுதான். மில்லில் எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பலகை. அதனால் எங்களுக்கு மரம் என்றால் நாலே ஜாதி.

நாலாம் நாள் ரேஞ்சர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்காமலே மாதய்யாவிடம் பேசினார். உங்கள் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷத்தில் முடியப் போகிறது, புதுப்பிக்க வேண்டுமா அகேசியா போட வேண்டுமா என்று மேலே கேட்கிறார்கள், இந்த மேடம் சயின்ஸ் படி எழுதிக் கொடுக்கட்டும், அதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாதய்யாவின் முகம் சின்னதாகிவிட்டது. அன்றைக்கு நீ கன்றுகளை எண்ண ஆரம்பிக்க வேண்டியது. மழை பிடித்துக்கொண்டது, உனக்குக் காய்ச்சலும் வந்தது. பத்து நாள் கழித்து வந்து கன்றுகளை மட்டும் எண்ணிக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். நீ பஸ் நிறுத்தத்தில் மூட்டை மேல் சாய்ந்து கண் மூடியிருந்தாய். மாதய்யா என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டார். ‘சார், மேடம் திரும்ப வரும்போது எங்க காடு எப்படி இருக்கணும்? நீங்க சொன்னாச் செஞ்சு வெக்கறோம்.’

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உன்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டது என்னை, சார் என்று கேட்டார், நான் யோசித்துச் சொல்கிற மாதிரி மோவாயைத் தடவினேன். எனக்குத் தெரிந்தது மில். அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் முதலாளி முந்தின நாளே யார்டைப் பெருக்கச் சொல்வார். மரத்தூளை அள்ளிக் கொட்டி, துண்டு துணுக்கையெல்லாம் அப்புறப்படுத்தி, கட்டைகளை அளவு பார்த்து அடுக்கி வைப்போம். சுத்தமாக இருந்தால் அதிகாரி அரை மணியில் நல்லபடியாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அதையே சொன்னேன். ‘கயிறு கட்டின இடமெல்லாம் சுத்தமா வெச்சிருங்க. கண்ட குப்பை செடியெல்லாம் இருக்கக் கூடாது. பாக்கறதுக்கு லட்சணமா இருக்கணும்.’ மாதய்யா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வேலையாளுக்கு உத்தரவு கொடுத்த முதலாளி மாதிரி பஸ் ஏறினேன். ஜன்னல் சீட்டை உனக்குக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா?

பத்து நாள் கழித்துப் போனபோது நடந்ததை எழுத வேண்டிய இடம் இதுதான். கை வரமாட்டேன் என்கிறது. அதற்கப்புறம் உன்னிடம் சொல்ல நான் செய்த முயற்சிகளை முதலில் எழுதிவிடுகிறேன். திரும்பி வந்த பஸ்ஸிலேயே, ‘பாப்பா, அந்த மாதய்யா இருக்காரே’ என்று தொடங்கினேன். ‘அவரைப் பத்தி இப்பப் பேசாதப்பா’ என்றாய். நல்லதாகப் போயிற்று என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்கு ஒரு வருஷம் கழித்து, அல்சூர் ஏரிக்கரையில் நாம் நடந்துகொண்டிருந்தபோது மறுபடி ஆரம்பித்தேன். நீ அங்கே நின்ற மரம் ஒன்றைக் காட்டி, ‘இது என்னன்னு சொல்லு பாக்கலாம்’ என்றாய். நான் தப்பாகச் சொன்னேன், நீ சிரித்தாய், அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. மூன்றாவது, போன ஞாயிறு. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து சொல்வதாக இருந்தேன். திரும்பி வருவதற்குள் உன் அம்மா வெளிநாட்டுக்கு ஊறுகாய் கொண்டுபோக விடுவார்களா என்ற பேச்சைத் தொடங்கிவிட்டாள். ஊறுகாய் மேல் பழி போட்டு ஒரு மனிதன் எத்தனை நாள் வாழ முடியும்? எனக்கு என் மேல் வருகிற எரிச்சல் இதுதான். தப்பு செய்தது ஒரு நிமிஷம். அதை மூடி வைக்கத்தான் இரண்டு வருஷம் உழைத்திருக்கிறேன்.

உன் மேல் எரிச்சல் இல்லாமலும் இல்லை. நீ படித்தவள். கண் முன்னால் வெட்டுப்பட்ட கன்றைப் பார்த்ததும், இது இவர்கள் வழக்கம் என்று முடிவு கட்டிவிட்டாய். உன் கைடும் சரிதான் என்றாராம், அவர் அந்த ஊருக்கு ஒரு தடவை வந்ததுண்டா? வருஷா வருஷம் முளையிலேயே வெட்டுகிற ஊராக இருந்தால் நீ எழுதிய அத்தனை ஜாதியிலும் நடு வயசு மரம் எப்படி வந்தது? எனக்கே தோன்றுகிறது இந்தக் கேள்வி, உனக்குத் தோன்றவில்லை. கோபத்தில் இருந்தாய், அதனால் தோன்றவில்லை. இதைப் புத்திமதியாக வேண்டுமானால் வைத்துக்கொள்: கோபம் வந்த அன்று எடுத்த கணக்கை, கோபம் இல்லாத ஒரு நாளில் மறுபடி எடு. டேப் பிடிக்கிறவன் சொந்த அப்பனாக இருந்தாலும் அவனையும் ரெண்டு கேள்வி கேள்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தச் சரிவுக்குக் கீழே ஓடை ஒன்று ஓடுகிறதே, இரண்டாம் தடவை போன அன்றைக்கு, ஊரை விட்டுக் கிளம்பும் முன், கை கழுவப் போன நான் அதைத் தாண்டிப் போனேன். அதுவும் அவர்கள் காடுதான். அங்கே நாம் கயிறு கட்டவில்லை, அதனால் யாரும் சுத்தம் செய்யவில்லை. முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள், கால் வைக்க இடமில்லை. வட்ட இலை, நீள இலை, சொரசொரப்பு, வழவழப்பு என்று எனக்குப் பெயர் தெரியாத எல்லாம் இருந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றும் தெரியாதவன் போல் திரும்பி வந்தேன். அந்தப் பக்கம் போய்க் கயிறு கட்டு. பழைய சதுரங்களையும் பார், இரண்டு மழை போயிருக்கிறது, வெட்டியது துளிர்த்திருக்கும். தீசிஸ் ஒரு மாதம் தள்ளிப் போகட்டும். விமானமும் தள்ளிப் போகட்டும். உன் கைடு திட்டினால் என் பெயரைச் சொல். மூட்டை தூக்க நான் வருகிறேன். மாலை போட்டால் கழற்றி உன் கழுத்தில் போடுகிறேன்.

இனி அந்த நாள். நாம் ஊருக்குள் நுழையும்போதே பெண்கள் ஆண்கள் என்று முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். நல்ல புடவை, நல்ல சட்டை. மாதய்யா முன்னால் நடந்தார். காட்டுப் பாதை ஆரம்பிக்கிற இடத்திலிருந்து கடைசிச் சதுரம் வரைக்கும் சரிவு முழுக்கப் பெருக்கியிருந்தார்கள். பெருக்கியிருந்தார்கள் என்றால் நிஜமாகவே துடைப்பத்தால். மண்ணில் கோடு கோடாகத் தெரிந்தது. ஒரு சருகு இல்லை. பெரிய மரங்கள் மட்டும் கல்யாண மண்டபத்துத் தூண் மாதிரி நின்றன. நெல்லிக் கன்று, ஹொன்னே என்கிற வேங்கைக் கன்று என்று நாலைந்தை மட்டும் விட்டு அதைச் சுற்றிப் பாத்தி கட்டியிருந்தார்கள். நாம் சிவப்பு பெயிண்ட் அடித்த மூலைக் கற்களுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் ஊரே வேலைக்குப் போகாமல் செய்திருக்கிறது. ஒருத்தி கையில் மோர்ச் செம்போடு உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், நீ என்ன சொல்லப் போகிறாய் என்று.

நீ கயிற்றைத் தாண்டி உள்ளே போனாய். முழங்கால் போட்டாய். தரையோடு தரையாக அறுபட்ட முளைகளைக் கையால் தடவிப் பார்த்தாய். எழுந்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. ‘யார் இதைச் செய்யச் சொன்னது?’ என்று கன்னடத்தில் கேட்டாய். மாதய்யா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு உன் பக்கம் திரும்பி, ‘யாரும் சொல்லலம்மா. நாங்களாத்தான் செஞ்சோம். தப்பாயித்து’ என்றார். நீ விடவில்லை. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காடு வேண்டாமா, எத்தனை வருஷமாக இப்படி வெட்டுகிறீர்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டாய். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார். கடைசியில் நீ என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாய்: ‘படிக்காதவங்க கையில காட்டைக் குடுத்தா இப்படித்தான்பா ஆகும்.’ மோர்ச் செம்பு வைத்திருந்தவளுக்குத் தமிழ் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. அவள் செம்பைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

நீ வெடுக்கென்று நடந்து பையை எடுக்கப் போய்விட்டாய். நான் கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்தேன். மாதய்யா பக்கத்தில் வந்து மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். ‘விடுங்க சார்’ என்றார் மெதுவாக. ‘எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா.’ அவ்வளவுதான் சொன்னார். சுருட்டிய கயிற்றை என் கையில் வைத்துவிட்டு, தன் ஆட்களிடம் போய் நின்றுகொண்டார். நீ பாதையில் நின்று, ‘வாப்பா, போலாம்’ என்று கூப்பிட்டாய். முப்பது பேரும் நாம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உனக்கும் அவர்களுக்கும் நடுவில், பெருக்கின தரையில், கயிற்றோடு நின்றேன். நான் சொல்ல வேண்டியிருந்தது இரண்டே வரி. சத்தமாகச் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் கேட்டிருக்கும், அத்தனை அமைதியாக இருந்தது அந்தக் காடு.

‘பாப்பா, நில்லு. பெருக்கச் சொன்னது நான். என்னை சார்னு கூப்பிட்டாங்க, எனக்கு அது புடிச்சிருந்தது.’